குழி பன்னிரண்டு

ஊரின் பேரே கூர்.
பிழை மட்டும் மழுங்கலாகத்தான் நுழைகிறது.
இரவு இரண்டே கால். கலாண்டா மலையில்
பனி விழுகிறதா தெரியவில்லை,
ஜன்னலில் என் முகம்தான் இருக்கிறது.

நகராட்சிக் கல்லறைப் பதிவேட்டில்
4417ஆம் பக்கம் கணக்கு உதைக்கிறது.
எழுதியபோது ஒரு தொகை, வாசித்தால் வேறு.
ஒரேயொரு பிட். பூச்சியம் ஒன்றாகியிருக்கிறது.
வட்டுக்கு வயதாகிவிட்டது,
அதற்கு யார்மேலும் கோபமில்லை.
ஞாயிறு நகலிலிருந்து பக்கத்தை எடுத்துப் போட்டு
லாக்கை அதன்மேல் ஓட்டினேன்.
தொகை பொருந்தியது. தேநீர் ஆறிப்போயிருந்தது.

ஓட்டும்போது ஒரு வரி கண்ணில் பட்டது.
மாற்றப் பதிவைத் தோண்டினேன்.
சிறுவர் பகுதி, ஏழாம் வரிசை, குழி பன்னிரண்டு.
குத்தகை முடியும் ஆண்டு 2016.
பிறகு 2017.
பிறகு 2018.
நவம்பர்தோறும், மாலை ஐந்தடிக்க நாலு நிமிடம் இருக்க,
ஒரே கை: உ. காடுஃப்.
கட்டணப் பட்டியலில் ஒரு பிராங்கும் இல்லை.

தொகை எல்லா ஆண்டும் சரியாகவே இருந்தது.
கணிதத்துக்கு இது பிழையே இல்லை.

உர்சினா காடுஃப், இரண்டாம் மாடி,
லிஃப்டில் தலையசைப்பதோடு சரி.
குழியில் இருக்கும் குழந்தைக்குக் குடும்பப் பெயர் வேறு.
அதற்கு மேல் அட்டவணைக்குத் தெரியாது.
எனக்கும்.

அறிக்கையில் எழுதினேன்:
பக்கம் 4417, வட்டுப் பிழை, சரிசெய்யப்பட்டது.
கீழே வெற்று வரியில்
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
மூடிவிட்டேன்.

02:51. பயனர்: யோகச்சந்திரன். செயல்: வாசிப்பு.
மாற்றாததும் பதிவாகிவிட்டது.
இனி யார் தோண்டினாலும்
அவளுக்கு அடுத்த வரியில் நான்.