ஏரி பார்த்த வீடு

பதினொன்றரைக்கு ஒருவர் காலி செய்வார்.
இரண்டு மணிக்கு அடுத்தவர்.
நடுவில் இரண்டரை மணி நேரம்
இந்த வீட்டில் நான் இருக்கலாம்.

வேளச்சேரி. தரைத்தளம். ஒன்பது வருஷம்
வாடகைக்கு இருந்த வீடுதான்.
எந்த ஸ்விட்ச் ஷாக் அடிக்கும் என்று
இருட்டிலும் என் விரலுக்குத் தெரியும்.
இப்போது சாவி கிடையாது, எண் பூட்டு.
வந்து போகிறவர்களுக்கு எண் மாறிக்கொண்டே இருக்கும்.
எனக்கு மட்டும் கோமதிநாயகம் சார்
மாறாத எண் ஒன்று கொடுத்திருக்கிறார்.
கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

"மாசம் பூரா நீ தர்றதை
ஆறு ராத்திரியில தர்றாங்கம்மா.
நீயே கணக்குப் போட்டுப் பாரு."
போட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.
அட்வான்ஸில் பெயிண்ட் செலவைக் கழித்து
மீதியைக் கவரில் வைத்துத் தந்தார்.
நான்கு மாதம் தேடினோம்.
என்ன ஆளுங்க, கறி சமைப்பீங்களா, எத்தனை பேர்,
இந்தத் தெருவில் எல்லாமே இப்போ நாள் வாடகைம்மா.
கடைசியில் பெரும்பாக்கம் தாண்டி ஓர் அறை.
தூறினாலே ஆட்டோ திரும்பிப் போகும் தெரு.

இன்று உறை மாற்றும்போது மணி அடித்தது.
வெள்ளக் காப்பீட்டுக்கு வீடு பார்க்க வந்தவர்.
தேவசகாயம். கழுத்தில் அட்டை, கையில் டேப்.
சார் நேற்றே போனில் சொல்லியிருந்தார்:
"வாசப்படியோட நின்னுச்சுன்னு சொல்லு.
உள்ளே பூந்துச்சுன்னு எழுதிட்டான்னா
பாலிசி இல்லை. அது இல்லேன்னா
வித்துட்டுப் போயிடுவேன், உன் வேலையும் போகும்."

அவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.
நான் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன்,
"எங்க வீட்டுக்கும் போட முடியுமா சார்?"
"சொந்தமா?"
"வாடகை."
"சாமானுக்குப் போடலாம். பில் வச்சிருக்கீங்களா?"
"பில்லெல்லாம் போயிடுச்சு சார்."
"எப்படிப் போச்சு?"
தலையணையை உறைக்குள் திணித்தேன்.
மிக்சி, பீரோ, கல்யாணப் புடவை,
ரேஷன் கார்டு மிதந்து போன அந்த டிசம்பரை
பல்லுக்குப் பின்னால் நிறுத்தினேன்.

பெயிண்ட் அடித்தவர்கள் அவசரக்காரர்கள்.
சுவர் அலமாரியின் கதவை
வெளிப்புறம் மட்டும் அடித்திருந்தார்கள்.
அவர் திறந்தார்.

உள்ளே இரண்டு பென்சில் கோடு.
கீழே இருப்பது என் மகன் இனியன்,
ஒன்றாம் வகுப்பு சேர்ந்த அன்று.
மேலே இருப்பது தண்ணீர் வடிந்த மறுநாள்
வீட்டுக்காரர் என் கண்மையால் பென்சிலைத் தொட்டுத் தொட்டு இழுத்தது.
இரண்டுக்கும் நடுவே நான்கு விரல்.
அந்த நான்கு விரலுக்காக
இரவு முழுக்க அவனைத் தோளில் வைத்து நின்றேன்.

"என்னம்மா இது, ரெண்டு கோடு?"
"பசங்க சார். உயரம் பார்த்தது."
"இது?"
"சின்னவன்."
"மேல இருக்கறது?"
"அது... பெரியவன்."
டேப்பை வைத்தார். மூன்றடி ஒன்பது அங்குலம்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
"பெரியவன் இப்போ எங்க இருக்கான்?"

விளம்பரத்தில் ஏரி பார்த்த அறை என்று
படம் போட்டிருக்கும் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
"வெளியூர் சார்.
ஐப்பசி கார்த்திகையில வருவான்."

கதவை மெதுவாகச் சாத்தினார்.
தாளில் ஏதோ எழுதினார், எனக்குத் தெரியவில்லை.
இரண்டு மணிக்கு இன்னும் பதினோரு நிமிடம்.
குளியலறைத் தரை
இன்னும் ஈரமாகவே இருக்கிறது.