ஐம்பது லிட்டரில் ஒரு மில்லி

சாணம் கரைத்து ஊற்றிப் பத்து நாள்.
சிங்கிகுளத்து நாற்றங்கால் குட்டை
இரண்டாம் தரம் போட்ட தேயிலைத் தண்ணியாய் வெளுத்திருந்தது.
மணிமுத்தாறு வேன்
சேரன்மகாதேவி தாண்டியாச்சு என்று போன்.

பாலிதீன் பைக்குள் காற்றூதிக் கட்டிய
ஒரு லட்சம் கட்லாக் குஞ்சு.
தாய் வயிற்றில் கட்டிக்கொடுத்த மஞ்சள் சோறு
இன்றோடு தீரும்.
நாளை விடியலில் வாய் திறக்கும்.

வண்டிமலைச்சி வாளி வாளியாய் முகந்து
வடிதுணியில் ஊற்ற
நான் எண்ணினேன்.
ஐம்பதாவது லிட்டரில் குழாயைக் கழற்றுமுன்
துணியோரம் ஒட்டிய சொட்டை
லென்ஸுக்கு அடியில் வைத்துக் காட்டினேன்.

ஒற்றைக் கண்.
கண்ணாடி முதுகுக்குள் நாலு முட்டை.
ஏதோ ஒன்று,
நெஞ்சாகத்தான் இருக்க வேண்டும்,
படபடவென்று.

"பிள்ளத்தாச்சியவா சார்
தின்னக் குடுக்கிய?"

நான் குழாயில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன்.
துள்ளல் நின்றது.
வெயிலுக்கு நேரே பிடித்தால்
அடியில் நகக்கண் அழுக்களவு.
வேண்டியது ஒரு கோடு.
படிந்தது அரை.

வேன்காரர் ஆரனை விடவில்லை.
பாதிப் பையை இறக்கி
மீதியைப் பத்தமடைக்குத் திருப்பினேன்.
கையெழுத்து வாங்கும்போது முனகினார்:
தண்ணிதானே சார், எல்லாம் ஒண்ணுதானே.

இறக்கிய பைகளைக் குட்டையில் மிதக்கவிட்டோம்,
வெள்ளமும் வெள்ளமும் சூடு பழக.
முடிச்சை அவிழ்த்ததும்
குஞ்சுகள் புகையைப் போலக் கலைந்தன.

குழாயில் கிடந்ததை
என்ன செய்ய என்று வண்டிமலைச்சி கேட்கவில்லை.
முழங்கால் மட்டும் இறங்கி
அந்த அரைக் கோட்டைக்
குஞ்சுகள் போன திசையில் கவிழ்த்தாள்.
பிறகு குழாயை
மூன்று தரம் அலசினாள்.