நாலாயிரம் மில்லிவிநாடி

தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனி மொட்டைமாடியில்
கேபிள் முனையின் பொன்முலாம் பற்களை
உப்பு தின்றிருக்கிறது.
எட்டு மாதத்தில் மூன்றாம் முறை.
வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாய்க் கோக்கிறேன்:
ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம்…
கச்சான் காற்றில் இழைகள்
சொன்ன பேச்சைக் கேட்பதாயில்லை.

கீழிருந்து கணக்குப்பிள்ளை நெய்னார் கத்துகிறார்:
"செலஸ்டினா, நெட்டு ஸ்லோவா, இல்லவே இல்லையா?"

ரெண்டும் வேற வேற, அண்ணே.
பாம்பன் கால்வாய் எத்தனை அகலம், அது பேண்ட்வித்.
மண்டபத்திலிருந்து வள்ளம் வர
எத்தனை நேரம், அது லேட்டன்ஸி.
வாயை அகலமாக்கினால் வள்ளம் விரைந்து வராது.
பாலம் திறக்கும்வரை நங்கூரமிட்டு
வரிசையில் கிடப்பதற்குப் பெயர் பஃபர்.
வரிசை நிறைந்தபின் வருவதையெல்லாம் ரூட்டர்
சத்தமில்லாமல் கடலில் போட்டுவிடும்.

"என் கணவாய் பில்லையுமா?"

அதையும்தான்.
பில் துண்டு துண்டாய்ப் போகிறது, எண் போட்டு.
மூன்றாவது முந்தி வரலாம்.
இரண்டாவது வராவிட்டால்
அந்தப் பக்கம் திரும்பக் கேட்கும்.
கேட்க ஆள் இருக்கும்வரைதான் இந்த ஒழுங்கெல்லாம்.

இறங்கி வந்தேன். மூலையில் வி.எச்.எஃப். கரகரக்கிறது.
"கேக்குதா?"
"கேக்குது, ஒனக்குக் கேக்குதா?"
"கேக்குது."
பாலிடெக்னிக்கில் இதற்கு அரைப்பக்கப் படம்,
மூன்று அம்புக்குறி, ஏழு மதிப்பெண்.
ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது,
அதனால் முடித்ததும் "ஓவர்" என்கிறார்கள்.
எனக்கும் ஜெரோல்டுக்கும் நடுவில் அந்தச் சொல் இல்லை.
ஒரே நேரத்தில் இருவரும்; மோதல்;
பிறகு ஆளுக்கொரு அளவில் மௌனம்.

கருப்புத் திரையில் பிங் ஓடவிடுகிறேன்.
பதில். பதில். பதினோரு மில்லிவிநாடி.
பதில்.
கோரிக்கை காலாவதி.

நெய்னார் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார்:
"செத்துப்போச்சா?"
இல்லண்ணே.
நான் நாலாயிரம் மில்லிவிநாடி காத்திருந்தேன்,
அதை மட்டும்தான் அது சொல்லுது.
அங்க என்ன ஆச்சுன்னு அதுக்குத் தெரியாது.

அடுத்த வரியில் மறுபடி பதில். ஒன்பது.

வி.எச்.எஃப்.பில் யாரோ
லூர்தம்மாள் விசைப்படகைக் கூப்பிடுகிறார்கள்.
"கேக்குதா?"
இரண்டு மணியிலிருந்து முதல் அம்பு மட்டும்.
இதற்கு யாரும் எண் குறித்து வைக்கவில்லை.
நெய்னார் பில்லை மறந்து
சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுகிறார்.
நான் மறுமுனையைக் கையிலெடுக்கிறேன்.
பழுப்பு வெள்ளை, பழுப்பு.