மணக்குடிக் காயல்

தன்னார்வலர் படிவத்தில்
வீட்டு எண் கேட்டிருந்தார்கள்.
படகின் பதிவெண்ணை எழுதினேன்.
டெல்பின் சிரித்தாள். "தெரு?"
"பொழி திறந்திருந்தா மேலமணக்குடி,
அடைஞ்சு கிடந்தா கீழமணக்குடி."

மூன்று நாள் ஆரஞ்சுச் சட்டை.
படகேற வருகிறவர்களுக்கு
மிதவை உடுப்பின் வார் இறுக்குவது என் வேலை.
முந்நூறு நெஞ்சாவது இருக்கும்.
மூச்சை இழுத்துப் பிடித்தபடி
ஒரு தக்கலைக்காரர் கேட்டார்,
ஆழமா?
இடுப்பளவுதான் என்றேன்.
அதற்கப்புறமும் ஏறவில்லை.

ஒலிபெருக்கி கழற்றியாயிற்று.
எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள்
கையசைத்து,
என்னை மட்டும் வேலையிலேயே
விட்டுப் போவதுபோல.

ஸ்டவ்வைப் பற்றவைக்கிறேன்.
படகு லேசாகச் சாய்கிறது.
செருப்பைக் கையில் பிடித்தபடி
ஒற்றைக் காலை உள்ளே வைத்து
அந்தத் தக்கலைக்காரர்:
"கட்டித்தானே போட்டிருக்கு?"