முழங்கை அளவு

செம்பாக்கம் வீட்டுக்குப் பின்னால்
பதினொன்றுக்கு ஒன்பது அடி காலியிடம்.
அதில் செப்டிக் டேங்க் மூடி ஒன்று,
போர்வெல் மோட்டாருக்கு ஒரு தகரக் கூண்டு,
யாரும் நடாமல் தானே வந்த பப்பாளி.
இவற்றைக் கழித்துவிட்டு
கரண்ட் பில்லின் பின்புறம்
சத்தியசீலன் ஒரு சமையலறை வரைந்தார்.

கூரை உண்டு, சுவர் இல்லை.
கரி அடுப்பு இங்கே, கேஸ் அங்கே,
தொட்டி, குழாய், ஒரு விளக்கு,
விருந்தாளிகள் உட்கார
எட்டு நாற்காலிகள், எட்டு வட்டங்களாக.
அடுப்பு முன்னால் நிற்பவருக்கு மட்டும்
வட்டம் போட மறந்திருந்தார்.
நான் சொல்லவில்லை.

காற்றைப் பற்றி மட்டும் சொன்னேன்.
மூன்று மணிக்குக் கிழக்கிலிருந்து வரும்.
மேற்கே நூர்ஜஹான் அக்காவின் துணிக்கொடி.
மீன் புகை நேராகப் போய்
அவர் மகளின் காலேஜ் துப்பட்டாவில் உட்காரும்.
அடுப்பு தாளில் மூன்று அடி நகர்ந்தது.
ரப்பர் கிடைக்காததால்
பழைய அடுப்பும் அங்கேயே எரிந்துகொண்டிருந்தது.

ஆவணியில் வேலை ஆரம்பம்.
"புரட்டாசி முடியறதுக்குள்ள முடிச்சா போதும் சார்,
அதுவரைக்கும் கவிச்சி ஏது?" என்றார்
மேஸ்திரி கன்னியப்பன்.
செங்கல் மூன்று வரிசை ஏறியதும்
கரணையைக் கீழே வைத்தார்.

"மேடை எவ்ளோ ஒசரம் வெக்கறது?
ஆளுக்கு ஆள் மாறும்.
கையை மடக்கி நின்னா
முழங்கைக்கு நாலு விரல் கீழ இருக்கணும்.
இல்லன்னா இடுப்பு போயிடும்.
யாரு சமைக்கப் போறது?"

கல் சுமந்து வந்த பூங்காவனம்
சும்மாட்டோடு அப்படியே நின்றாள்,
பதில் தெரிந்தால்தான் இறக்குவேன் என்பது போல.
தாம்பரத்துப் பயிற்சி விமானம் ஒன்று
தலைக்கு மேல் வட்டமடித்துப் போனது.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் பப்பாளியைப் பார்த்தேன்.
நான்கு காய். ஒன்றில் அணில் பல்.
எண்ணி முடித்து, மறுபடி எண்ணும் அளவுக்கு
நேரம் ஆயிற்று.

"நான்தான்" என்றார்,
வேறு யாருடைய பெயருக்கோ
வகுப்பில் 'உள்ளேன்' சொல்லிவிட்ட பையன் மாதிரி.

கன்னியப்பன் டேப்பை எடுக்கவில்லை.
அவரைச் சுவரோரம் நிற்கவைத்து,
கையை மடக்கச் சொல்லி,
நாலு விரலை வைத்து,
உடைந்த செங்கல்லால் ஒரு கோடு கிழித்தார்.
நான் போய் அதன் அருகில் நின்று பார்த்தேன்.
எனக்கு அது நெஞ்சுக்கு வந்தது.
வீட்டுக்குள் இருக்கும் மேடையை
யாருடைய முழங்கைக்கு அளந்தார்களோ,
பதினாறு வருடத்தில் ஒருநாளும்
எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.
பூங்காவனம் கல்லை இறக்கினாள்.

கடப்பாக் கல் பதித்த இரவே மழை.
மீந்த அரை மூட்டை சிமெண்ட்
மூட்டையாகவே இறுகிப்போனது.
கன்னியப்பன் தட்டிப் பார்த்து
"போச்சு" என்றார்.
தூக்கிப் போட ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.
அந்த ஆள் வரவில்லை.

ஐப்பசி முதல் ஞாயிறு. ஒரு கிலோ வஞ்சிரம்.
கரி பிடிக்கவில்லை.
பூஜை அலமாரியிலிருந்து கற்பூரம் எடுத்துவந்தார்.
எட்டு வட்டத்தில் ஒருவரையும் கூப்பிடவில்லை.
"முதல்ல ஒரு தடவ பாத்துக்கலாம்" என்றார்.
நான் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

"உப்பு எவ்ளோ?"
உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன்.
"அது உன் கை."
"ஆமா" என்றேன்.

முதல் பக்கம் கல்லோடு ஒட்டிக்கொண்டது.
இரண்டாம் பக்கம் பரவாயில்லை.
துணி எடுக்க வந்த நூர்ஜஹான் அக்கா
மதிலுக்கு மேல் எட்டிப்பார்த்து
"யாரு, சாரா?" என்று கேட்டுவிட்டு
ஒரு கைக்குட்டையை எடுக்க
ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

கோணியின் மடிப்பு, தையல் எல்லாம்
சிமெண்டில் அப்படியே பதிந்திருந்தது.
கொஞ்சம் குத்தியது.
எழுந்திருக்கத் தோன்றவில்லை.