கட்டிலுக்கடியில் பதினெட்டு

அரிசி ஒரு டிரம்.
மூடிக்குக் கீழே வேப்பிலை, வற்றல் மிளகாய்.
மரச்சீனி வற்றல் இரண்டு சாக்கு,
கருவாடு, கல்லுப்பு, மண்ணெண்ணெய்,
கோயில் கடை மெழுகுதிரி
(நின்று எரியும் என்றார் கப்பியார்).
தீப்பெட்டிகளை மட்டும்
பாலிதீனில் சுற்றிச் சுற்றி
ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் இறுக்கி வைத்திருக்கிறேன்.

அந்தப் புயலுக்குப் பிறகு
பூத்துறையில் எல்லா வீட்டிலும் ஏதாவது கிடக்கிறது.
யாரும் சொல்வதில்லை.
மண்ணெண்ணெய் வாடை சொல்லிவிடும்.

என் வீட்டில் கூடுதலாக
கட்டிலுக்கடியில் பதினெட்டு சிவப்பு வாணம்.

போட்டுக்கு ஆறு வேண்டும், அது சட்டம்.
ஆயுசு மூன்று வருஷம், குழாயிலேயே அச்சடித்திருக்கும்.
நாள் கழிந்தால் புதிது வாங்கலாம்,
பழையதை என்ன செய்ய?
கடலில் எறியக் கூடாது. குப்பையில் போடக் கூடாது.
விற்ற கடைக்காரன் தொட மாட்டான்.
மீன்துறை ஆபீசில் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார்கள்.
ஸ்டேஷனில்,
"வெடிமருந்தோட உள்ள வராதீங்க" என்று
வாசலிலேயே மறித்தார்கள்.
பெல்லார்மின் என்னிடம் கொண்டுவந்தார்,
ஒன்பது வருஷத்தில் மூன்று தடவை.
"கெடக்கட்டும் கில்டா, சமயத்துக்கு ஒதவும்."
எந்தச் சமயம் என்று நானும் கேட்கவில்லை.

அதன்மேல்தான் உறக்கம்.
சண்டை முற்றும்போது
கீழே கிடப்பது நினைவு வரும்.
குரலைத் தணித்துக்கொள்வேன்.

ஐப்பசி. அவர் போய் இருபத்தாறாம் நாள்.
காற்றில் கரண்ட் போனது, பின்னாலேயே டவரும்.
எதிர்வீட்டு சில்வேரியூஸ்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் சரிந்தார்.
அவர் மகள் நூற்றெட்டுக்குச் சொன்னது பாதிதான் போயிருந்தது:
"பூத்துறை, குருசடிக்கு..."
நித்திரவிளைப் பக்கமிருந்து வண்டி வந்தது,
வந்து என்ன,
தென்னைகளுக்கிடையில் அதன் நீல வெளிச்சம்
ஒவ்வொரு சந்திலும் நின்று நின்று திரும்புகிறது.
கூப்பிட ஓடின பையன்கள் ஒரு சந்தில்,
வண்டி இன்னொரு சந்தில்.

நான் கட்டிலுக்கடியில் தவழ்ந்தேன்.

முதல் வாணம் பேசவில்லை.
இரண்டாவது புகைந்தது, வெறும் கந்தக நாற்றம்.
மூன்றாவது
கையை உதறிக்கொண்டு ஏறிற்று.
கூரைக்கு மேலே, தென்னைக்கு மேலே, இன்னும் மேலே,
பிறகு குடை விரித்து நின்றது.
சுவர், கிணறு, கோழிக்கூடு,
சில்வேரியூஸின் வேர்த்த நெற்றி, எல்லாம் சிவப்பு.

நீல வெளிச்சம் எங்களைப் பார்த்துத் திரும்பியது.

கதவுகளும் திறந்தன.
இந்த ஊரில் அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று
அந்த நேரம் எனக்குத் தோன்றவே இல்லை.
மெட்டில்டா, ரோஸ்லின், கைக்குழந்தையோடு ஜெனிட்டா,
என் வீட்டைத் தாண்டி
ஒருத்தியும் என்னைப் பார்க்காமல்
கடலுக்கு ஓடினார்கள்.
போட்டுப் பேர்களைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார்கள்.
வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது
ஒருத்திக்கும் தெரியவில்லை.
கொளுத்தியவள் நான்,
என் காலும்
இரண்டு எட்டு கடலைப் பார்த்துப் போய்விட்டது.

நாற்பது நொடி.
பிறகு முன்னைவிட இருட்டு.

நாலாம் நாள் சில்வேரியூஸ் வந்துவிட்டார்.
"வாயுக்கோளாறு. அதுக்குப் போயி ராக்கெட்டு விட்டிருக்கா."
பெண்கள் ஒரு வாரம் என் முகம் பார்க்கவில்லை.
குழாயடியில் என் குடத்துக்கு மட்டும் இடம் விட்டு விலகி நின்றார்கள்.

எட்டாம் நாள் மெட்டில்டா வாசலில்.
உள்ளே வரவில்லை.
"மிச்சம் எத்தன கெடக்கு?"
"பதினஞ்சு."
"நாள் கழிஞ்சதா?"
"எல்லாம் கழிஞ்சதுதான்."
"எரியுதே."
பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

போனாள். திரும்பி வந்தாள்.
பழைய கைலியில் சுற்றிய பொதி,
அவிழ்த்தால் ஆறு குழாய்.
"இதையும் போட்டு வை" என்றாள்,
"இதுக்கு மேல எனக்குப் படுக்க முடியாது."

அரிசி டிரம்மை
சுவரோரம் நகர்த்தினேன்.