இருபதுக்கு எழுபது

சாட்ஸ்வொர்த்தில் வெள்ளி இரவு, மின்வெட்டு.
நாயக்கர் டயர்க்கடையின் பின்கூடம்.
டயர் அடுக்கின் உச்சியில் ஒரு பேட்டரி விளக்கு.
ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் லாரி கியர் மாற்றினால்
எங்கள் சிப் அடுக்குகள் லேசாக நடுங்கும்.

சீட்டு வருமுன்பே நான் இருபது ராண்ட் வைத்தாக வேண்டும்,
பெரிய பிளைண்ட்.
எனக்கு வலப்பக்கம் தனபாக்கியம், பத்து வைப்பாள்.
அவளுக்கும் வலப்பக்கம், பட்டனில்,
பூபாலன் மூட்லி. பழைய கார் விற்பவன்.
கட்டைவிரலில் பன்னி சௌ குழம்பின் மஞ்சள்.
மற்றவர்கள் விலகினால் போதும்,
தன் சீட்டைத் தொடக்கூட மாட்டான்.
"நாற்பது" என்பான்,
வாடகை வாங்க வந்தவன் கதவைத் தட்டுவதுபோல,
திறப்பார்கள் என்று தெரிந்து.

திறந்துகொண்டுதான் இருந்தேன்.

சர்க்கரை ஆலையில் கணக்கெழுதுகிறவள் நான்.
ஏனென்று தெரியாமலே
லாட்டோ சீட்டின் முதுகில் கோடு போட்டு வைத்திருந்தேன்.
ஒரு மதியம் ரொட்டியைத் தள்ளிவிட்டு எண்ணிப் பார்த்தேன்.
பதினோரு வெள்ளிக்கிழமை.
அவன் குரலுக்கு நான் கவிழ்த்த கைகள் நூற்று முப்பத்தொன்று.
தலைக்கு இருபது.
இரண்டாயிரத்து அறுநூற்று இருபது.
சலவை இயந்திரம் வேண்டுமென்று
ஆடியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், யாரிடமோ.

அன்றே இன்னொன்றும் எழுதினேன், சிவப்புப் பேனாவில்:
வைத்த இருபது என்னுடையதல்ல.
வைத்த நொடியே அது மேசையின் காசு.
அதைக் காப்பாற்றப் போகாதே, லோகாம்பாள்.
நடுவில் இப்போது எழுபது கிடக்கிறது.
உள்ளே வர உன்னிடம் கேட்பது இருபது.
ஒன்பது தடவையில் இரண்டு ஜெயித்தால் கணக்கு நேர்.
ஒன்பதில் இரண்டு!
அதற்கு ராஜா வேண்டாம், ஆஸ் வேண்டாம்.
கொஞ்சம் உடல் உள்ள சீட்டு போதும்.

மேலும் இது அளவு கட்டிய ஆட்டம்.
காரை வைக்கிறேன், வீட்டை வைக்கிறேன் என்று
இங்கே யாரும் உறும முடியாது.
இருபது, இருபது, நாற்பது, நாற்பது.
எந்தப் புலிக்கும் அதே நீளச் சங்கிலி.

இன்று எனக்கு கிளாவரில் ஜாக், எட்டு.
"நாற்பது" என்றான், நாயக்கரோடு டயர் விலை பேசிக்கொண்டே.
இருபதை முன்னால் தள்ளினேன்.
தனபாக்கியம் தேநீரை ஊதுவதை நிறுத்தினாள்.

விரித்த மூன்று: எட்டு, நாலு, இரண்டு.
மேசையைத் தட்டினேன்.
அவன் இருபது.
நான் நாற்பது.

அப்போதுதான்
பதினோரு வாரத்தில் முதல் தடவையாக
தன் சீட்டின் மூலையைத் தூக்கிப் பார்த்தான்.
டயர் விலை பாதியில் நின்றது.
பார்த்தான், கட்டினான்.
அடுத்தது மூன்று. நாற்பது வைத்தேன், கட்டினான்.
கடைசியில் ராஜா.
நாற்பது வைத்தேன். எண்பது என்றான்.
அந்தக் குரல் புதியது, அதில் சீட்டு இருந்தது.
தெரிந்தும் கட்டினேன்.

ராஜாவும் இரண்டும்.
பார்க்காமல் ஏறி, பார்த்தபின் ஜெயித்துவிட்டான்.
ஒரே கையில் இருநூறு ராண்ட்.
"ஐயோ, விட்டிருக்கலாமே அக்கா" என்றாள் தனபாக்கியம்.
எட்டுக்கு எட்டு ஜோடி சேர்ந்ததை
யாரிடமும் விளக்கவில்லை.
லாட்டோ சீட்டில், வேறொரு பத்தியில்,
ஒரு கோடு போட்டேன்.

மின்சாரம் வந்தது. எல்லோரும் கண்ணைச் சுருக்கினார்கள்.
மேசை ஒரு சுற்று சுற்றி
மறுபடி என் இருபது, அவள் பத்து, அவன் பட்டன்.
மற்றவர்கள் விலகினார்கள்.
எல்லோரும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தோம்.

பூபாலன் குனிந்தான்.
இரண்டு மூலைகளையும் தூக்கினான்.
நிதானமாக, பரீட்சைத் தாள்போல, படித்தான்.

கவிழ்த்தான்.
தனபாக்கியமும் கவிழ்த்தாள்.

பத்து ராண்ட் சிப் ஒன்று உருண்டு என் பக்கம் வந்தது.
என் கையில் இருந்தது ஏழும் இரண்டும், நிறம்கூடச் சேராதது.
நாற்பது என்றிருந்தால்
போய்விட்டிருப்பேன்.